போலி மல்டி டூல் விரலைப் பதம் பார்த்தது, வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

வலது ஆட்காட்டி விரலில் நாலு தையல். இடது கையால் போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பம்ப்செட் மோட்டார் வேலை பார்ப்பவன். கிணற்றுக்குள் ஏணியில் இறங்கும்போது டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சட்டைப் பையில் எது இருக்கிறதோ அதுதான். வயர் தோலைச் சீவ, டெர்மினல் ஸ்குரூவை முறுக்க, ஹோஸ் வெட்ட, நட்டைப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாமான் என்றால் அது எங்களுக்குப் பெரிய உதவி. கத்தி, பிளேயர், ஸ்குரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டி டூல் அப்படிப்பட்டதுதான். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றும்போது, கையில் மடக்குக் கத்தி இருந்தும் கட்டிங் பிளேயர் இல்லாமல் திண்டாடித்தான் இதை யோசித்தார், 1983-ல்தான் விற்பனைக்கு வந்தது. அவருடைய லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ் மாடலில் 18 கருவிகள், 25 வருட வாரண்டி. ரொம்ப நாள் ஆசை எனக்கு.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அதையே 2,150 ரூபாய்க்குப் போட்டிருந்தார், "கஸ்டம்ஸில் மிஞ்சிய அசல் சரக்கு" என்று. அசல் இதைவிடப் பல மடங்கு விலை என்று தெரிந்தும் வாங்கினேன், அங்கேதான் தப்பு. பெட்டியில் கம்பெனி இருக்கும் போர்ட்லாந்து என்ற ஊர்ப் பெயரிலேயே ஓர் எழுத்தைக் காணோம். அதையும் கவனிக்காமல் விட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு இஞ்ச் ஹோஸை வெட்டினேன். பாதியில் கத்தி சிக்கிக்கொண்டது. உருவலாம் என்று லேசாகத் திருப்பி இழுத்தேன், விரித்த கத்தி மடங்காமல் பிடிக்கும் லாக் "டிக்" என்று நழுவியது, கத்தி விரல் மேலேயே மடங்கிவிட்டது. டிடி ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் லாக்கை வெளிச்சத்தில் பார்த்தேன். கத்தியின் அடிப்பாகத்தை முழுசாகத் தாங்க வேண்டிய தகடு, ஓரத்தில் நகக்கண் அளவுகூட உட்காரவில்லை.

வாங்கினால் முதலில் கத்தியை விரித்து, பிடியில் விரல் எதுவும் கத்தியின் பாதையில் வராதபடி பிடித்துக்கொண்டு, அதன் முதுகை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், மடங்கினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். பிளேயர் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனி இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், என்னுடையதில் நுனி ஒரு பக்கம் விலகி நின்றது. எடை போடுங்கள், அசல் வேவ் பிளஸ் 241 கிராம், எனக்கு வந்தது 190-ஐத் தாண்டவில்லை. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனே இல்லை, நல்ல கத்தி எஃகிலும் ஒட்டும். அப்புறம், பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், அது இல்லாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

விற்பனையாளர் "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதியாயிற்று. ஆன்லைன் விற்பனைக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இன்று ஒன்பதாம் நாள், பணம் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.