650 ரூபாய் கரடி

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. இருந்திருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன், கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். டீக்கடைக்கும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் நடுவே, பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைய வேண்டும். உள்ளே வெளிநாட்டுப் பழைய துணி குவியல் குவியலாகக் கிடக்கும். பேரனைப் பள்ளியில் ஊட்டிக்கு டூர் கூட்டிப் போகிறார்கள், ஒரு ஸ்வெட்டர் பார்க்கலாம் என்று போனேன். பேரனுக்கு ஒன்றும் அமையவில்லை. எனக்கு ஒரு ஜெர்சி கிடைத்தது.

சாக்லேட் நிறம். நெஞ்சில் ஒரு கரடி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘ஹெர்ஷி’ என்று எழுத்து. பேரன் பாலில் ஊற்றிக் குடிக்கிற சாக்லேட் சிரப் பாட்டிலில் இருக்கும் அதே பெயர். கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்த பனியனாக இருக்கும் என்று நினைத்தேன். கடைப் பையனைக் கேட்டால், “பேஸ்பால் சார், ஒரிஜினல் அமெரிக்கா பீஸ்” என்றான்.

நான் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டி ஆலையில் ஃபர்னிஷிங் பக்கம் 34 வருடம் இருந்தவன். ரயில் பெட்டி சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கிற வேலை. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதையும் திருப்பினேன். முதுகின் கீழ்ப் பகுதியில், உள்ளே, ஒரு பட்டை தொங்கியது. நுனியில் வெல்க்ரோ, கூடவே டிச் பட்டன். பட்டையின் அடியில் சதுரமாகத் தையல் போட்டு, சதுரத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி இன்னொரு தையல். பாரம் தாங்க வேண்டிய இடத்தில்தான் அப்படித் தைப்போம். சாதாரண பனியனில் அதற்கு என்ன வேலை?

“இது என்னப்பா?”

“தெரியல சார். தொந்தரவா இருந்தா கட் பண்ணித் தர்றேன்.”

நல்லவேளை, கத்தரிக்கோலை எடுப்பதற்குள் தடுத்துவிட்டேன். 850 சொன்னான், 650-க்கு முடிந்தது. பில் இல்லை.

அது ஐஸ் ஹாக்கி ஜெர்சி என்று வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது. பட்டைக்கு ஃபைட் ஸ்ட்ராப் என்றே பெயர். அந்த ஆட்டத்தில் அடிதடி சகஜம். எதிராளியின் ஜெர்சியைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் இழுத்துவிட்டால் அவனுக்குக் கண்ணும் தெரியாது, கையும் தூக்க முடியாது. அப்புறம் நிதானமாகக் குத்தலாம். அதற்காக ஜெர்சியைக் கால்சட்டையோடு சேர்த்துப் பூட்டி வைக்கிற பட்டை இது. சதுரத்துக்கும் பெருக்கலுக்கும் அர்த்தம் புரிந்தது. தைத்தவன் விஷயம் தெரிந்தவன்.

துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனமான பாலியெஸ்டர். முழங்கையில் இரட்டைத் துணி. கக்கத்தில் வலைத்துணி. எழுத்துகளும் கரடியும் அச்சடித்தவை இல்லை, துணிமேல் துணி வைத்து ஓரம் முழுக்க நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டியிருக்கிறார்கள். கரடியின் காது வளைவில் கூட ஒரு தையல் விலகவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றால் என் வீட்டம்மா நம்பவில்லை. அளவு எக்ஸ்.எல். என்று போட்டிருக்கிறது, ஆனால் உள்ளே தோள் காப்பு, நெஞ்சுக் காப்பு எல்லாம் போட்டுக்கொள்ளத் தைத்தது, அதனால் நம் ஊர் எக்ஸ்.எல். ஆட்கள் இரண்டு பேர் நுழையலாம். வாங்குகிறவர்கள் இரண்டு அளவு குறைத்து எடுங்கள்.

நிறம் போகவில்லை. அந்துருண்டை வாசம்தான் மூன்றாவது துவைப்பு வரை விடவில்லை.

இப்போது கரடிக்கு வருகிறேன். ஹெர்ஷி என்பது ஆள் பெயர், கம்பெனி பெயர், ஊர்ப் பெயர் எல்லாமே. மில்டன் ஹெர்ஷி என்பவர் பென்சில்வேனியாவில் பால் மாடு மேய்கிற நிலத்துக்கு நடுவே 1903-ல் சாக்லேட் ஆலை கட்ட ஆரம்பித்தார். ஆலையைச் சுற்றி வீடு, பூங்கா, டிராம் வண்டி, 1909-ல் ஆதரவற்ற பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். தெருப் பெயரே சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ. ஐ.சி.எஃப். காலனிக்காரனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். எங்களுக்கும் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஸ்டேடியம் எல்லாம் ஆலை போட்ட கோட்டுக்குள்தான்.

அந்த ஊரில் 1931 பிப்ரவரியில் ஒரு சின்ன பனி அரங்கில், வெளியூர் அணிகள் இரண்டு வந்து ஒரு மேட்ச் ஆடியிருக்கின்றன. ஜனங்களுக்குப் பிடித்துப் போயிற்று. அடுத்த வருடமே, 1932-ல், ஊருக்கென்று ஓர் அணி. சம்பளம் கிடையாது, அமெச்சூர். அணிக்கு வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ‘பார்ஸ்’. ஆங்கிலத்தில் கரடிகள் என்று எழுதி, அதில் ‘ஈ’ என்ற எழுத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேலே ஒரு சின்னக் கொம்பு. வாயால் சொன்னால் சாக்லேட் பார். கண்ணால் பார்த்தால் ஓர் எழுத்தை யாரோ கடித்துவிட்ட கரடி. 1933-ல் ஈஸ்டர்ன் அமெச்சூர் ஹாக்கி லீகில் சேர்ந்தபோது சந்தேகமே வேண்டாம் என்று ‘சாக்லேட் பார்ஸ்’ என்றே போட்டுக்கொண்டார்கள்.

நியூயார்க் பத்திரிகை விளையாட்டு நிருபர்களுக்கு இது பொறுக்கவில்லை. இது அணிப் பெயரா, விளம்பரமா, நாங்கள் ஏன் ஓசியில் உங்கள் சாக்லேட்டுக்குப் பத்தி எழுத வேண்டும் என்று முறைத்துக்கொண்டார்கள். 1936-ல் அந்த ஓர் எழுத்தைத் திருப்பிச் சேர்த்து ‘பேர்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். கரடி முழுசாக வந்துவிட்டது.

எனக்கு இதில் சிரிப்புதான். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நம் ஹாக்கி லீக் மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் போர்டைப் பாருங்கள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்றுதான் இருக்கும். ரயில் பெட்டி ஆலையும் பாங்கும் மோதுகின்றன என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். இது விளம்பரம் என்று யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஹாக்கி ஆட்டக்காரனுக்கு ஆபீஸ்தான் அணி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் பிராக்டிஸ், மத்தியானம் ஒர்க்ஷாப்பில் கையெழுத்து.

1936 டிசம்பரில் அந்த ஊரில் ஒரு பெரிய அரங்கம் திறந்தார்கள். 7,000 பேருக்கு மேல் உட்காரலாம், ஊர் அளவுக்கு ரொம்பப் பெரிசு. பஞ்ச காலம் அது, அமெரிக்காவில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த நேரம். ஹெர்ஷி அப்போது ஆட்களை வேலையில் வைத்திருப்பதற்காகவே ஹோட்டல், சமூகக் கூடம், அரங்கம் என்று கட்டிக்கொண்டே இருந்தார். அரங்கத்தின் கூரைதான் விசேஷம். ஆன்டன் டெடெஸ்கோ என்ற இன்ஜினியர் போட்டது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி மெல்லிய கான்கிரீட் ஓடு, உள்ளே ஒரு தூண் கூட இல்லை. எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் பனித்தரை முழுசாகத் தெரியும். நாங்கள் ரயில் பெட்டியின் ஷெல் என்று சொல்வோமே, அதே யோசனைதான். தோலே பாரத்தைத் தாங்க வேண்டும், நடுவில் தூண் வைத்தால் பயணி எங்கே உட்காருவான்?

ரொம்பப் புகழவும் வேண்டாம். 1937 ஏப்ரலில் அதே சாக்லேட் ஆலையில் தொழிலாளிகள் சங்கம் வைத்து உள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலை நின்றதால் பாலை விற்க வழியில்லாமல் போன பண்ணைக்காரர்களும், வேலைநிறுத்தத்துக்கு எதிரான ஆட்களும் கும்பலாகப் புகுந்து அவர்களை அடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். ஜெர்சியில் கரடி அழகாகச் சிரிக்கிறதே என்று பார்க்கும்போது இதுவும் ஞாபகம் வருகிறது. சங்கத்தில் சந்தா கட்டியவனுக்கு வராமல் இருக்குமா?

1938-ல் அணி தொழில்முறைக்கு மாறியது. அதாவது ஆட்டக்காரனுக்குச் சம்பளம். சேர்ந்த லீகின் அன்றைய பெயர் இன்டர்நேஷனல் அமெரிக்கன் ஹாக்கி லீக். 1940-லிருந்து அமெரிக்கன் ஹாக்கி லீக். இது உச்சி லீக் இல்லை, அதற்கு அடுத்த படி. மேலே என்.எச்.எல்., அதாவது நேஷனல் ஹாக்கி லீக், இருக்கிறது. இங்கே நன்றாக ஆடினால் மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள், மேலே சறுக்கினால் இங்கே இறக்கிவிடுவார்கள். போகிறவனும் வருகிறவனுமாக இருக்கிற அணிக்கு ஊர் ஜனம் மட்டும் மாறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. 9-வது சீசனில், 1947-ல்தான் லீகின் கால்டர் கோப்பை முதல் முறையாகக் கையில் வந்தது. இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் அணியோடு 7 ஆட்டம், 4-3 என்று வென்றார்கள். அந்த ஹார்னெட்ஸ் இன்றைக்கு இல்லை. அப்போது பெரிய கையாக இருந்த கிளீவ்லாண்ட் பேரன்ஸும் இல்லை. சாக்லேட் ஊர்க் கரடி மட்டும் அதே லீகில் இடைவெளி விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்த அரங்கத்தைப் பற்றி இன்னொன்று. 1962 மார்ச் 2 அன்று அங்கே பனியை மூடிக் கூடைப்பந்து நடத்தினார்கள். வில்ட் சேம்பர்லின் என்ற ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். கூடைப்பந்து ஆட்களுக்கு ஹெர்ஷி என்றால் அதுதான் தெரியும். கரடிகள் 2002-ல் பக்கத்திலேயே புது அரங்கத்துக்குக் குடி மாறிவிட்டார்கள்.

எனக்கு ஒரு பொறாமையும் உண்டு. நான் இடதுகைக்காரன். நம் ஹாக்கியில் இடதுகை மட்டை என்பதே சட்டப்படி கிடையாது. எல்லா மட்டைக்கும் ஒரே பக்கம்தான் தட்டை. சின்ன வயதில் மாற்றிப் பிடித்ததற்காக வாங்கிய அடி கொஞ்சம் இல்லை. கடைசி வரை டிபார்ட்மென்ட் மேட்சில் லெஃப்ட் ஹாஃப் ஆடினேன், அதற்கு மேல் போகவில்லை. ஐஸ் ஹாக்கியில் இடது மட்டை, வலது மட்டை இரண்டும் உண்டு, எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே பிறந்திருந்தாலும் கிழித்திருக்க மாட்டேன், ஆனாலும்.

சரி, போட்டுக்கொள்ள எப்படி? சென்னையில் வருடத்துக்குப் பதினைந்து நாள் போடலாம், அதுவும் மார்கழியில். தை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் எழும்பூர் மேட்சுக்குப் போட்டுக்கொண்டு போனேன். கேலரியில் இரண்டாவது குவார்ட்டர் முடிவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய ரயில்வே கோல்கீப்பர் ஒருவர், “என்ன தலைவா, சர்க்கஸ் கம்பெனி டீமா?” என்றார். வீட்டில் இன்னும் மோசம். “ஏங்க, அதைப் போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்கு மட்டும் போயிடாதீங்க” என்று உத்தரவு.

கடையின் மேல் எனக்குள்ள வருத்தம் விலையில் இல்லை. இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. அந்தக் கையை உள்ளே மடித்து வைத்துத்தான் காட்டினான். மறுநாள் கொண்டு போனால், “பழைய துணின்னா அப்படித்தான் சார் இருக்கும், மாத்த முடியாது” என்றான். முதலிலேயே சொல்லியிருந்தால் நானே தைத்துக்கொள்கிறேன் என்று வாங்கியிருப்பேன். இப்போதும் நானேதான் தைத்தேன், கோபத்தோடு. போட்டுப் பார்க்க இடமில்லை, கண்ணாடி இல்லை, வெளிச்சமும் போதாது. கையில் எடுத்த துணியை ஷட்டர் பக்கம் கொண்டுவந்து, இரண்டு கையையும் விரித்து, உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஜெர்சிக்கு 5-க்கு 4 தருவேன். கடைக்கு இரண்டு, அதுவும் குவியலில் என்ன கிடைக்கும் என்று தெரியாத அந்தச் சுவாரசியத்துக்காக.

கிழிசலுக்காகச் சண்டை போடப் போன அன்றைக்கு, வாய் சும்மா இருக்காமல், இது பேஸ்பால் இல்லைப்பா என்று ஆரம்பித்து சாக்லேட் ஊர், கொம்பு போட்ட பெயர், பட்டையின் பயன் எல்லாம் பையனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆர்வமாகக் கேட்டான், டீ கூட வாங்கிக் கொடுத்தான். போன வாரம் காலனி நண்பர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு அங்கே போயிருக்கிறார். குவியலில் இன்னொரு ஐஸ் ஹாக்கி ஜெர்சி, வேறு ஏதோ அணி, அதே மாதிரி பட்டை. எவ்வளவு என்று கேட்டாராம்.

“1,400 சார். சண்டைப் பட்டையோட வர்ற பீஸ், ஹிஸ்டரி இருக்கு.”