தினார் வாங்கினால் தருமமா? டர்பனில் இயங்கும் ஒரு சந்தாச் சேவையின் மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஈராக் தினார் தாள்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை விற்பவர்களுக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுக்கும் இணையச் சந்தாச் சேவை ஒன்றில் சேர்ந்து, அதன் கூட்டங்களைக் கேட்டு, குழுவில் கிடக்கும் பழைய செய்திகளையும் படித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே முறையில் நடக்கும் குழுக்கள் வேறும் இருப்பதால், பெயரைவிட நடைமுறையைத் தெரிந்துகொள்வதுதான் வாசகர்களுக்கு உதவும்.

மாதச் சந்தா சில நூறு ராண்ட். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு, மாலை நேரத்தில் சூம் வழியாக நடக்கும் கூட்டங்கள், அமெரிக்காவில் உள்ள ‘குரு’க்கள் இரவில் சொன்னதாகக் காலையில் வந்து சேரும் ‘இன்டெல்’ எனப்படும் உள்தகவல் செய்தி, தினார் விற்கும் ஒரு முகவரின் தொலைபேசி எண் ஆகியவை கிடைக்கின்றன. எல்லாச் செய்திக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஈராக் அரசு தன் நாணயத்தின் மதிப்பை ஒரே இரவில் பல மடங்கு உயர்த்தப் போகிறது, ஒரு தினார் மூன்று டாலரைத் தாண்டும், இன்று பத்து இலட்சம் தினார் வைத்திருப்பவர் அன்று முப்பது இலட்சம் டாலருக்கு உரியவர் ஆவார். இந்த மதிப்பேற்றத்தைக் குழுவில் ‘ரீவேல்யுவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘ஆர்வி’ என்கிறார்கள். அது அடுத்த வாரம் வரும், இல்லையேல் இந்த மாத இறுதிக்குள் வரும் என்பதுதான் பழைய செய்திகளைப் புரட்டும்போதும் தென்படுகிறது.

தகவலின் தரத்தை முதலில் பார்ப்போம். இன்று புழங்கும் ஈராக் தாள்கள் 2003 அக்டோபரில் வெளிவரத் தொடங்கியவை. 2004 ஜனவரி நடுப்பகுதிக்குள் சதாம் காலத்துத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதிகாரப்பூர்வமாக ஒரு தினார் மூன்று டாலருக்கு மேல் இருந்த காலம் ஒன்று உண்டு என்று கூட்டங்களில் சொல்வது உண்மைதான். ஆனால் 1990-க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைகளின்போது ஈராக் அரசு வரம்பின்றித் தாள்களை அச்சடித்ததையும், அப்படிப் பெருகிய தொகையின் மேல்தான் இன்றைய மதிப்பு நிற்கிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. இப்போது புழக்கத்தில் உள்ள தினார் ஏறக்குறைய 100 இலட்சம் கோடி. ஒரு தினாருக்கு ஒரு டாலர் என்று வைத்தாலே, உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உண்டாக்கும் உற்பத்திக்குக் கிட்டத்தட்ட நிகரான தொகையை ஈராக் கொடுக்க வேண்டியிருக்கும். போருக்குப் பின் குவைத் தினார் உயர்ந்தது போல ஈராக் தினாரும் உயரும் என்று முன்னுதாரணம் காட்டுவதும் பொருந்தாது. 1991-இல் ஈராக்கின் ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட பின் குவைத் செய்தது, போருக்கு முன்பிருந்த மதிப்பை ஒட்டித் தன் தினாரை மீட்டது மட்டுமே. கொள்ளையிடப்பட்ட பழைய தாள்களை அது செல்லாதவையாக்கியது.

உண்மையான மதிப்பேற்றம் ஒன்றும் நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் டாலருக்கு 1,450 என்று இறக்கப்பட்ட தினாரை, 2023 பிப்ரவரி 7 அன்று ஈராக் அமைச்சரவை 1,300 என்ற வீதத்துக்கு உயர்த்த ஒப்புதல் அளித்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உயர்வு. யாரும் பணக்காரர் ஆகவில்லை. அந்த வாரத்தில் குழுவுக்கு அனுப்பப்பட்ட செய்திகளை நான் கவனமாகப் படித்தேன். அந்த அறிவிப்புக்கு முந்தைய நாள், பிப்ரவரி 6 அன்றுதான், துருக்கியிலும் சிரியாவிலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பல்லாயிரம் பேர் மாண்டிருந்தார்கள். சேவை இரண்டையும் ஒரே செய்தியில் கோத்து, பேரழிவுகள் பெருகுவதே செல்வம் கைமாறப் போவதன் அறிகுறி என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ விரும்புவோர் இப்போதே கூடுதல் தினார் வாங்கிவைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இடிபாடுகளுக்குள் மனிதர்கள் உயிரோடு கிடந்த நாள்களில் எழுதப்பட்ட செய்தி அது.

இத்தகைய செய்திகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் இயங்கிய ஸ்டெர்லிங் கரன்சி குரூப் என்ற நிறுவனம் 60 கோடி டாலருக்கும் மேலான வருவாய் ஈட்டும் அளவுக்கு வெளிநாட்டு நாணயம் விற்றது. அதில் பெரும்பகுதி ஈராக் தினார். மதிப்பேற்ற வதந்தியை இணையத்திலும் தொலைபேசிக் கூட்டங்களிலும் பரப்பிய ஒருவருக்கு அந்த நிறுவனமே இரகசியமாகப் பணம் கொடுத்துவந்தது. மதிப்பேற்றம் நடந்ததும் விமான நிலையங்களில் நாணயம் மாற்றும் கூடங்களைத் திறக்கப் போவதாகவும் வாடிக்கையாளர்களிடம் பொய் சொன்னது. 2018-இல் அதன் தலைவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கேட்பவர்கள் ‘உள்ளிருந்து வந்த தகவல்’ என்று நம்பியது விற்பவரின் விளம்பரமே. நான் சேர்ந்த சேவைக்கும் அதன் முகவருக்கும் என்ன கணக்கு என்று கூட்டத்தில் கேட்டபோது, “இது எல்லாம் நம்பிக்கையின் அடிப்படையில் நடப்பது” என்ற பதில்தான் வந்தது.

விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியபோது ஜிம்பாப்வே அச்சடித்த 100 டிரில்லியன் டாலர் தாளையும் முகவர் சேர்த்து விற்கிறார். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதற்கு ஏமாறத் தேவையில்லை. எல்லை தாண்டி வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களில் யாரைக் கேட்டாலும் அந்தத் தாளின் கதையைச் சொல்வார்கள். 2015-இல் ஜிம்பாப்வே மத்திய வங்கி பழைய நாணயத்தை முற்றிலும் ஒழித்தபோது, வங்கிக் கணக்கில் 175 குவாட்ரில்லியன் (ஒரு குவாட்ரில்லியன் ஆயிரம் டிரில்லியன்) ஜிம்பாப்வே டாலர் வரை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது ஐந்து அமெரிக்க டாலர். சேகரிப்பாளர்கள் அந்தத் தாளை நல்ல விலைக்கு வாங்குகிறார்கள் என்பது உண்மை. அது பழம்பொருளுக்கான விலை.

கூட்டங்களின் சூழலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் மாரியம்மன் படமும் வேதாகமமும் இருப்பது வழக்கம். சேவை நடத்துபவருக்கு அது நன்றாகத் தெரியும். கூட்டம் ஜெபத்தோடு தொடங்குகிறது, சில நாள்களில் முருகன் பாட்டோடு முடிகிறது. பிள்ளைகள் கேப் டவுனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய துணை; நோயுற்றவரின் பெயரைச் சொல்லி எல்லோரும் வேண்டிக்கொள்ளும்போது அதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் பாவியின் செல்வம் நீதிமானுக்காகச் சேர்த்துவைக்கப்படுகிறது என்ற நீதிமொழிகள் 13:22-ஐ எடுத்துக்கொண்டு, அந்த நீதிமான் தினார் வைத்திருப்பவர்தான் என்று விளக்குகிறார்கள். சொன்ன தேதி தவறிப்போகும்போது, குழுவில் யாரோ சந்தேகப்பட்டதால்தான் தாமதம் என்கிறார்கள். கேள்வி கேட்பதே பாவமாகிவிடுகிறது. காவடி எடுப்பவர் நேர்ந்துகொண்டதைத் தம் உடலால் செலுத்துகிறார், அதில் யாருக்கும் தரகு இல்லை; பக்தி என்று நான் அறிந்திருப்பது அது. சந்தா நின்றுவிடும் என்ற அச்சத்தில் இறைவனைக் காவலுக்கு நிறுத்திவைப்பதைப் பக்தி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சேவையை நான் எதிர்ப்பதற்கு முதன்மையான காரணம் அதன் ‘தருமத் திட்டம்’. மதிப்பேற்றம் வந்ததும் பணத்தை எந்த நற்செயலுக்குச் செலவிடுவோம் என்று ஒவ்வொரு சந்தாதாரரும் திட்டம் எழுதிவைக்க வேண்டும். நல்ல திட்டம் வைத்திருப்பவருக்கு நாணயம் மாற்றும் இடத்தில் உயர்ந்த வீதம் கொடுப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. வேறு நாடுகளில் உள்ள தினார் குழுக்களிலும் இதே வதந்தி உண்டு. டொங்காட்டில் ஓர் அக்கா எனக்குக் காட்டிய குறிப்பேட்டில் ஆழ்துளைக் கிணறுகள், முதியோர் இல்லம், கோயில் கூரை, பேரப்பிள்ளைகள் வயதில் உள்ள ஏழை மாணவர்களின் கல்லூரிக் கட்டணம் என்று பக்கம் பக்கமாக, தொகையோடும் ஊர்ப் பெயரோடும் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது. “தம்பி, ஆர்வி வந்ததும் முதல் காசு கோயிலுக்குத்தான், எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்றார். பேராசை கொண்டவர்களைத்தான் இப்படிப்பட்ட வலைகள் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது அவருடைய இரக்கம்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் கொட்டிய மழையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், வீடுகள் மண்சரிவோடு சரிந்தன, டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து வாளியோடு நின்றார்கள். அந்த நாள்களில் சேவை திரட்டிய ‘நிவாரண நிதி’ எப்படி நடந்தது என்பதைக் குழுவின் பழைய செய்திகளிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். சந்தாதாரர்கள் தங்களால் இயன்ற ராண்டை முகவருக்கு அனுப்ப வேண்டும். முகவர் அதற்குரிய தினாரை நிதியின் பெயரில் ஒதுக்கிவைப்பார். மதிப்பேற்றம் வந்ததும் வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிய வீடு கட்டித் தரப்படும். அதாவது, வெள்ளத்துக்காகக் கொடுத்த பணம் போர்வையாகவோ சோறாகவோ தண்ணீராகவோ மாறவில்லை, முகவரின் விற்பனையாக மாறியது. கொடுத்தவர்களோ உதவிவிட்டோம் என்ற நிறைவோடு இருந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் கோயில் மண்டபத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அரிசி தேவைப்பட்டபோது, அவர்களிடம் கொடுக்க மீதி இல்லை.

உதவி என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆறு பெருகி டின் டவுன் குடியிருப்பை மூழ்கடித்தபோது, படவட்டன் அறுவர் என்று இன்றும் போற்றப்படும் மீனவர்கள் தங்கள் வலைப் படகை வெள்ளத்தில் செலுத்தி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். நம் காலத்தில், 1992-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் மருத்துவர் இம்தியாஸ் சூலிமான் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் 2022 வெள்ளத்திலும் களத்தில் நின்றது, 2023-இல் துருக்கிக்கும் மீட்புக் குழுவை அனுப்பியது. கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஏதாவது இருக்கிறது.

வாங்குவதும் விற்பதும் எப்படி நடக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாலருக்கு 1,310 என்று கணக்கிட்டால் பத்து இலட்சம் தினாரின் மதிப்பு ஏறக்குறைய 763 டாலர். முகவர் கேட்ட விலை அதைவிட மிகவும் கூடுதல். திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, விற்றதில் பாதி விலைக்கும் குறைவாகத்தான் தருவதாகச் சொன்னார். நான் விசாரித்த டர்பன் வங்கிக் கிளைகளில் எதுவும் ஈராக் தாளை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, உரிமம் பெற்ற வணிகரிடம் அல்லாமல் வெளிநாட்டு நாணயத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பதைக் கூட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நிதிச் சேவை உரிமம் உண்டா என்று கேட்டால், தாங்கள் ஆலோசனை வழங்கவில்லை, கல்வி மட்டுமே தருகிறோம் என்கிறார்கள். நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்எஸ்சிஏ-வின் உரிமப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

நிவாரண நிதியைப் பற்றி எழுத்திலும் கேட்டேன். சமூக மேம்பாட்டுத் துறையில் பெற்ற என்பிஓ (இலாப நோக்கற்ற அமைப்பு) பதிவு எண் என்ன, கொடையாளருக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி வரிக்கழிவுக்கான ரசீது தருவீர்களா, இதுவரை எந்தக் குடும்பத்துக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடை வரவில்லை. குழுவிலிருந்து நான் நீக்கப்பட்டேன். சந்தா மட்டும் தொடர்ந்து பிடிக்கப்பட்டது, டெபிட் ஆர்டரை வங்கி வழியாகத்தான் நிறுத்த முடிந்தது. ஆகவே இந்தச் சேவையில் சேர வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள் முதலில் வங்கியில் அந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்கள் தினார் வைத்திருந்தால் அவர்களை ஏசாதீர்கள். அவர்கள் எழுதிவைத்திருக்கும் தருமத் திட்டத்தை வாங்கிப் படித்து, அதில் இருப்பவற்றில் ஒரு மாணவரின் புத்தகச் செலவு போன்ற சிறிய ஒன்றை, அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு, இந்த மாதமே ராண்டில் செய்துகொடுங்கள்.