ஆறு வார வகுப்பு, ஏழாம் நாளுக்கு அரை மணி நேரம்

பாளையங்கோட்டையில் ஒரு சபை அரங்கில் வியாழன்தோறும் மாலை நடக்கும் வேதாகம வகுப்பைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தேவன் ஆறு நாளில் உலகத்தை உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்ததைச் சொல்லுகிற ஆதியாகமம் முதல் அதிகாரமும், இரண்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களும்தான் பாடம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் ஐந்நூறு ரூபாய். கையேடு, இடைவேளையில் டீ, ஒரு வடை எல்லாம் அதில் அடக்கம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற குருவானவர். எல்லாரும் ஐயா என்றே கூப்பிடுகிறோம். கொடுத்த பணத்துக்கு மோசமில்லை. ஆனால் சிருஷ்டிப்பின் நாள் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் என்பதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கிவிட்டு, அந்த ஏழு நாள் கதை எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்துக்குக் கடைசி வாரத்தின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றால், நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். மாடல் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஓய்வுநாள் என்பது எனக்கு வெறும் படிப்பு விஷயம் இல்லை, வரும்படி விஷயம்.

முதலில் கையேடு. தொழில் புத்தி, கண் அங்கேதான் போகிறது. ஏ4 தாள், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். வேத வசனத்தைப் பொடி எழுத்திலும் ஐயாவின் குறிப்புகளைப் பெரிய எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆறு நாட்களையும் இரண்டு வரிசையாகக் காட்டும் அட்டவணைதான் முழுக் கையேட்டிலும் உருப்படியான பக்கம். அதன் இடது ஓரத்தை ஸ்பைரல் துளைகள் தின்றுவிட்டன. மார்ஜினில் அரை அங்குலம் கூட விட்டிருந்தால் போதும். யாத்திராகமம் 20 என்று வரவேண்டிய இடத்தில் வெறும் 2 நிற்கிறது. யாராவது ஒரு முறை ப்ரூஃப் பார்த்திருக்கலாம்.

இனி பாடம். முதல் இரண்டு வாரம் கட்சி கட்டுகிற வாரங்கள். இருபத்து நான்கு மணி நேரம் என்கிறவர்கள் ஒரு பக்கம், நீண்ட யுகங்கள் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்தச் சண்டை டார்வினுக்குப் பிறகு வந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஐயா அதை முதல் நாளே உடைத்தார். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்கிற வேத அறிஞர், சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்திருக்கும் என்று கேட்டிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியோ, அது இருபத்து நான்கு மணி நேரம்தான் என்று எளிமையாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்த அகுஸ்தீன், தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உண்டாக்கினார், ஆறு நாள் என்பது நாம் புரிந்துகொள்வதற்கான வரிசை என்ற பக்கம் போனார். மூன்று பேரும் விசுவாசிகள், மூன்று பேருக்கும் கையில் இருந்தது ஒரே அதிகாரம். இதைக் கேட்டபிறகு அரங்கில் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஐயாவுக்கு முழு மார்க்.

அதற்குப் பிறகுதான் இழுவை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வேதாகமத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, சிருஷ்டிப்பு கி.மு. 4004 அக்டோபரில் என்று கணக்குப் போட்டது. 1814இல் தாமஸ் சால்மர்ஸ், முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று இடைவெளி விட்டது. ஸ்காட்லாந்தின் ஹியூ மில்லர் ஒவ்வொரு நாளையும் ஒரு யுகமாகப் பார்த்தது. 1961க்குப் பிறகு அமெரிக்காவில் விட்கம், மாரிஸ் இருவரின் எழுத்தால், பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்கிற இளம் பூமிக் கொள்கை மறுபடி எழுந்தது. எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு வாரத்தில் முடித்திருக்கலாம். மூன்றாம் வாரமும் இதுவே ஓடியபோது பின்வரிசையில் இருவர் அசந்துவிட்டார்கள்.

கல்லூரியில் புவியமைப்பியல் படிக்கிற தம்பி ஒருவன் வந்திருந்தான். பூமிக்கு ஏறத்தாழ 454 கோடி வயது என்று பாடத்தில் எழுதுகிறேன், சபையில் ஆறு நாள் என்று சொல்கிறேன், எது பொய் ஐயா என்று நேராகவே கேட்டான். இந்த மாதிரிக் கேள்விக்குப் பல இடங்களில் கிடைக்கிற பதில் என்ன என்று நமக்குத் தெரியும். ஐயா அவனை அடக்கவில்லை. பரீட்சையில் 454 கோடி என்றே எழுது, இந்த அதிகாரம் அந்தக் கேள்விக்கு எழுதிய விடைத்தாள் இல்லை என்றார். இளம் பூமிக் கட்சியைச் சேர்ந்த ஒரு பெரியவர் உடனே எழுந்து, யாத்திராகமம் 20:11 கர்த்தர் ஆறு நாளைக்குள்ளே உண்டாக்கினார் என்று சொல்லி, அதைக் காரணம் காட்டித்தானே நம்மையும் ஆறு நாள் வேலை செய்யச் சொல்கிறது, அந்த நாள் வேறு இந்த நாள் வேறா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கட்சியின் பலமான வாதமே அதுதான். அதற்கு ஐயா சொன்ன பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அடுத்த வாரம் பார்ப்போம் என்றார், அடுத்த வாரம் வெண்பலகை வந்துவிட்டது.

அந்த வெண்பலகை வகுப்பு அருமை. நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் முதல் மூன்று நாள், வலது பக்கம் அடுத்த மூன்று நாள் எழுதினார். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரியனும் சந்திரனும். இரண்டாம் நாள் ஆகாயவிரிவும் தண்ணீரும், ஐந்தாம் நாள் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாள் நிலமும் செடிகொடிகளும், ஆறாம் நாள் மிருகங்களும் மனிதனும். முதலில் இடம், அப்புறம் குடித்தனம். நெதர்லாந்தின் நோர்ட்சை 1924இலும், அமெரிக்காவின் மெரிடித் கிளைன் 1958இலும் இந்த அமைப்பை வைத்துத்தான், இது காலவரிசை அல்ல, இலக்கிய ஒழுங்கு என்று வாதிட்டார்கள் என்றார்.

அப்புறம் எல்லாரையும் அவரவர் வேதாகமத்தில் விரல் வைத்து, நல்லது என்று தேவன் கண்டது எத்தனை முறை என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் நாளில் அது இல்லவே இல்லை. மூன்றாம் நாளில் இரண்டு முறை வருகிறது. முழு அதிகாரத்துக்கும் கூட்டினால் ஏழு. சிறு வயதிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிற அதிகாரம், பாதி மனப்பாடம். எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா இரண்டு தடவை எண்ணி, ஆறுதான் வருகிறது என்று அடம்பிடித்தார்கள். 31ஆம் வசனத்தின் “மிகவும் நன்றாயிருந்தது” என்பதை விட்டுவிட்டார்கள்.

கடைசி வாரம் ஆறாம் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போனது. மீதியில் ஏழாம் நாள். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார், ஆனால் இந்த வகுப்புக்கு நான் கட்டிய பணம் இதற்குத்தான்.

ஆறு நாட்களின் முடிவிலும் சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி என்று வருகிறது. ஏழாம் நாளுக்கு வரவில்லை. அந்த நாளுக்கு எழுத்தில் முடிவு இல்லை. அகுஸ்தீனும் இதைக் கவனித்திருக்கிறார். எபிரெயர் நான்காம் அதிகாரம் தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுதல் இனியும் இருக்கிறது என்று பேசுவதும் இங்கிருந்துதான். மீன்களும் பறவைகளும் ஆசீர்வாதம் பெறுகின்றன, மனிதன் பெறுகிறான், மூன்றாவதாக ஆசீர்வாதம் பெறுவது ஒரு நாள். வேதாகமத்தில் முதன்முதலாகப் பரிசுத்தம் ஆக்கப்படுவதும் ஒரு கோயிலோ மலையோ இல்லை, அந்த நாள்தான். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு அரங்கே சிரித்தது: மனிதனை உண்டாக்கியது ஆறாம் நாள், அவனுக்கு விடிந்த முதல் முழு நாளே ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த மறுநாளே லீவு! எங்கள் கடையில் அப்படி ஒருவன் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பத்துக் கட்டளைகள் வருகிற இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்தார். யாத்திராகமம் 20 ஓய்வுநாளுக்குக் காரணமாகச் சிருஷ்டிப்பைச் சொல்கிறது. உபாகமம் 5 சிருஷ்டிப்பைச் சொல்லவே இல்லை. எகிப்திலே நீ அடிமையாயிருந்தாய், அதை நினை என்கிறது, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. ஒரே கட்டளை, இரண்டு காரணம். என் கேள்வியை அங்கே கேட்டேன். மெஷின் ஓட்டுகிற பையனுக்கு ஞாயிறு லீவு விட்டுவிட்டு நான் மட்டும் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் உபாகமத்துக்குச் சரிதானே ஐயா என்றேன். “ஏம்மா, அந்தப் பட்டியல் யாரிலிருந்து ஆரம்பிக்கிறது, வாசி” என்றார். நீயானாலும் என்றுதான் ஆரம்பிக்கிறது. குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன் எல்லாம் அதற்குப் பிறகு. கடை விஷயத்தில் நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை, முகூர்த்த மாதம் முடியட்டும்.

சனிக்கிழமையை ஏழாம் நாளாக ஆசரிக்கிற ஓய்வுநாள் சபையை, அதாவது அட்வென்டிஸ்டு சபையைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர் ஆறு வாரமும் தவறாமல் வந்தார். அவருடைய கேள்விக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தோம். ஏழாம் நாளை ஆசீர்வதித்தபோது யூதனே இல்லை, ஆகையால் சனிக்கிழமை எல்லா மனிதருக்கும் உரியது. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசு சொன்னதும் அதைத்தான் என்றார். ஐயா மறுத்தார்: ஆதியாகமத்தில் ஓய்ந்திருந்தது தேவன், மனிதனுக்கு அங்கே கட்டளை இல்லை, ஜனங்கள் ஏழாம் நாளில் ஓய்ந்ததை முதலில் பார்ப்பது யாத்திராகமம் 16இல் வனாந்தரத்தில் மன்னா என்கிற உணவு விழும்போதுதான், 31ஆம் அதிகாரம் அதை இஸ்ரவேலருக்கான அடையாளம் என்கிறது. சரி, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆதியாகமத்தில் என்ன ஆதாரம் என்றார் அண்ணாச்சி. ஐயா உயிர்த்தெழுதலைச் சொன்னார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிறை ஓய்வு நாளாக ஆக்கிய ஆணையையும், அதில் விவசாயிகளுக்கு விலக்கு இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். அதற்குள் மணி எட்டு. வாட்ச்மேன் விளக்கு ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்துவிட்டார். இந்த விவாதத்துக்கு ஒரு முழு வாரம் கொடுத்திருக்க வேண்டாமா?

விட்டுப்போனவையும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஓய்வுநாள் பற்றி வகுப்பு எடுத்துவிட்டு நாசரேத்தை ஒட்டிய முக்குப்பேரியைச் சொல்லாமல் போவது பெரிய குறை. நாசரேத்தில் மிஷனரியோடு முரண்பட்டுப் பிரிந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, 1857இல் வெள்ளைக்காரர் மேலாண்மை வேண்டாம் என்று அங்கே இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கி, பழைய ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமையை ஆசரிக்கச் செய்தார். அட்வென்டிஸ்டுகள் இந்தப் பக்கம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு அது. நம் ஊர்க்காரர் ஒருவர் இந்த வசனங்களைத் தானே வாசித்து எடுத்த முடிவைவிட அஷரின் அக்டோபர் மாதம் நமக்கு முக்கியமா?

பாபிலோனியச் சிருஷ்டிப்புக் கதையையும் ஐயா ஒரு வரியில் கடந்துவிட்டார். அதில் தேவர்களின் பாரத்தைச் சுமந்து அவர்களுக்கு ஓய்வு கொடுக்கவே மனிதன் உண்டாக்கப்படுகிறான். ஆதியாகமத்தில் அப்படி வேலைக்காரனாக அவன் வருவதில்லை. இந்த ஒப்பீட்டை விரித்திருந்தால் ஏழாம் நாள் ஏன் அங்கே இருக்கிறது என்பது இன்னும் தெளிவாகியிருக்கும். உலகத்துக்கு எது குறைவாக இருந்தது, ஓய்வுதான், ஏழாம் நாள் வந்தது, ஓய்வும் வந்தது என்று ராஷி என்கிற யூத உரைகாரர் விளக்கியிருப்பதும் சொல்லப்படவில்லை.

அரங்கம் பரவாயில்லை. முன்பக்கம் மட்டும் ஃபேன் ஓடுகிறது. டீ நன்றாக இருக்கும், வடை சீக்கிரம் தீர்ந்துவிடும், முதல் ஆளாக எழுந்துகொள்ளுங்கள்.

அடுத்த வகுப்புக்கும் பெயர் வாங்குகிறார்கள். முழுக் கட்டணம் கட்டத் தயங்குகிறவர்கள் முதல் வாரம், வெண்பலகை வாரம், கடைசி வாரம் மூன்றுக்கும் மட்டும் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். ஐயா கறாரானவர் இல்லை. பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று கொண்டுபோங்கள், கையேட்டின் பொடி எழுத்தை ராத்திரி வெளிச்சத்தில் படிக்க முடியாது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஏழாவதாக ஒரு வாரம் சேர்த்தால் நாலரை. சேர்த்தால் அந்தக் கையேட்டை நானே லாபமில்லாமல் அடித்துத் தருகிறேன் என்று பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.