விண்வெளிக் குடியிருப்பு வரைவு: வளையமா, உருளையா?

விண்வெளிக் குடியிருப்பை வடிவமைக்க முனையும் மாணவர்கள் பலரும், 1975இல் நாசா ஏம்ஸ் மையத்தின் கோடைக்கால ஆய்வில் உருவான ஸ்டான்ஃபோர்ட் வளையத்தைப் பின்பற்றுவதா, இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் முன்மொழிந்த உருளையைப் பின்பற்றுவதா என்று தயங்குகிறார்கள்.

அளவு:
வளையம்: விட்டம் சுமார் 1.8 கி.மீ.; 10,000 பேர் வாழலாம்.
உருளை: நீளம் சுமார் 32 கி.மீ.; பல இலட்சம் பேர் வாழலாம்.

சுழற்சி:
வளையம்: புவியீர்ப்புக்கு நிகரான விசை கிடைக்க நிமிடத்துக்கு ஒருமுறை சுழல வேண்டும்.
உருளை: ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும் என்பதால் தலைசுற்றல் குறையும், ஆனால் சூரியனை நோக்கிய திசை மாறாதிருக்க, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் தேவைப்படும்.

கதிர்வீச்சுக் காப்பு:
வளையம்: நிலவிலிருந்து கொண்டுவரும் சுமார் 1 கோடி டன் பொருளாலான கவசம் வேண்டும். மொத்த நிறையில் பெரும்பங்கு இதுவே. இதை விட்டுவிட்டுப் போடும் செலவுக் கணக்கு எதற்கும் உதவாது.
உருளை: உள்ளிருக்கும் ஆழமான காற்றே பெருமளவு காக்கும்.

ஒவ்வொரு பகுதியையும் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்க விரும்பும் பள்ளி மாணவருக்கு வளையமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மலை, ஆறு, மேகம் என முழுமையான இயற்கைச் சூழலை ஆராய விரும்பும் குழுவினர் உருளையைத் தேர்ந்தெடுக்கலாம்.