நல்ல படங்களைத் தேட நான் பயன்படுத்தும் தளங்கள்: நீண்ட நாள் அனுபவம்

ஓவியம், காமிக்ஸ், புகைப்படம், போஸ்டர் டிசைன் என்று தினமும் கொஞ்ச நேரம் படம் பார்ப்பது என் வழக்கம். பல வருடங்களில் எத்தனையோ தளங்கள் வந்து போய்விட்டன. இப்போதும் விடாமல் பயன்படுத்துவது இரண்டு: அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகப் படத் தொகுப்பு, அப்புறம் பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கும் ஆரீனா (Are.na) தளம்.

இவற்றுக்கு முன்னால், படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு பிரபலமான தளத்தில்தான் இருந்தேன். அங்கே ஒரு பச்சை போஸ்டரைச் சேமித்தால் மறுநாள் பக்கம் முழுக்கப் பச்சை போஸ்டர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாதிப் படங்களுக்கு வரைந்தவர் பெயரே இருக்காது. பெயர் தெரிந்தால்தானே அவருடைய அடுத்த படத்தைத் தேட முடியும்?

நூலகத் தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், வருடம், இடம் என்று கிடைத்த விவரம் எல்லாம் இருக்கும். புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த தாயும் குழந்தைகளும் படத்தைப் பலர் பார்த்திருப்போம். புத்தகங்களில் பெரும்பாலும் அந்த ஒரு படம்தான் வரும். இங்கே அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களும் இருக்கின்றன. ஒன்றில் கூடாரம் முழுவதும் தெரிகிறது, இன்னொன்றில் லாங்கே கிட்டே வந்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த படத்தின் கீழே, வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பின்னால் நெகட்டிவில் மங்கலாக்கியிருக்கிறார்கள், ஆனாலும் அதன் சாயல் போகவில்லை. எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று ஒரு புகைப்படக்காரர் யோசிப்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டிசைன் பிடித்தவர்கள் அதே தளத்தில் டபிள்யூபிஏ (WPA) என்ற அரசு வேலைத் திட்டத்தின் போஸ்டர்களுக்குப் போக வேண்டும். பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த வேலை அது. 1936 முதல் 1943 வரை வந்தவற்றில் 907 போஸ்டர்கள் அங்கே உள்ளன. பெரும்பாலானவை சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஸ்டென்சில் செய்து, தனித்தனியாக மை இழுக்க வேண்டும் என்பதால் நிறங்களைக் கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்தார்கள். பல போஸ்டர்களில் காகிதமே ஒரு நிறமாக வேலை செய்கிறது. நிறம் தேர்ந்தெடுக்கத் திணறும்போதெல்லாம் நான் இவற்றைத்தான் திறக்கிறேன்.

குறையும் உண்டு. தேடல் பழைய பாணி. சரியான ஆங்கிலச் சொல் போடாவிட்டால் ஒன்றும் வராது. டிஃப் (TIFF) என்ற உயர்தரப் படக் கோப்புகள் பெரியவை, போனில் இறக்கினால் இடம் போய்விடும். சில படங்களை நூலகத்துக்கு வெளியே இருந்து பார்த்தால் சிறுபடம் மட்டுமே காட்டும். உரிமைக் குறிப்பையும் படத்துக்குப் படம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன தேடுகிறோம் என்றே தெரியாத நாட்களில்? அதற்குத்தான் ஆரீனா. விளம்பரம் இல்லை, லைக் இல்லை. ஆட்கள் தங்கள் விருப்பப்படி சேனல் என்ற தொகுப்புகளில் படங்களை அடுக்குகிறார்கள். ஒரு படம் வேறு யார் யார் சேனல்களில் இருக்கிறது என்று பார்க்கலாம் என்பதுதான் இதன் உயிர். உயரமான பொருட்களை மட்டும் சேர்த்து வைத்திருந்த ஒரு சேனலில் வின்சர் மெக்கேயின் 1908 ஞாயிறு காமிக்ஸ் பக்கம் ஒன்று அகப்பட்டது. கட்டிலின் கால்கள் வளர வளர, கட்டங்களும் உயரமாகிக்கொண்டே போகின்றன. அங்கிருந்து இன்னொருவர் சேனலுக்குத் தாவினால், பக்க வடிவமைப்பை மட்டும் பார்த்துச் சேர்த்த காமிக்ஸ்கள் வரிசையாக இருந்தன. நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள்! ஆனால் படம் போடுபவர் பெயரை எழுதாமல் விட்டால் இங்கேயும் அதே தலைவலிதான். இலவசக் கணக்கில் சேமிக்க வரம்பும் உண்டு.

இக்காலத்தில் வரைபவர்களைத் தேட, கலைஞர்கள் தங்கள் படைப்புகளைப் போடும் பிஹான்ஸ் தளத்தையும் அவ்வப்போது திறப்பேன். முடிந்த படத்தை மட்டும் போடாமல் முதல் ஸ்கெட்சிலிருந்து காட்டுபவர்களை மட்டும் அங்கே பின்தொடர்கிறேன்.