தரங்கம்பாடி கடற்கரை காட்டேஜ்: இரண்டு நாளுக்குத் தாராளம்

இங்கே தங்கினால் ஊர் சுற்ற வண்டி தேவையில்லை. 1792இல் கட்டிய நகர வாயிலிலிருந்து கிங் தெரு நேராகக் கடலில் போய் முடிகிறது. இடையில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம்; முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரையைத் தவறவிடாதீர்கள். அதைக் கட்டிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டதும் உள்ளேதான். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வார இறுதிக்கு வருகிறவர்கள் பலர் அன்றுதான் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

குளியலுக்கு இந்தக் கடல் சரிப்படாது. 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே விழுங்கிய அலை இது. தடுப்புக்குக் கொட்டிய பாறைகளில் பாசி வழுக்கும். குழந்தைகளை ஏற விடாதீர்கள்.

அறை எடுக்கும்போது கடல் பார்த்த ஜன்னலுக்குக் கனமான திரை உண்டா என்று கேளுங்கள். கிழக்குப் பார்த்த ஊர், ஆறரைக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். உப்புக் காற்றில் துணி சட்டென்று காயாது, கூடுதலாக ஒரு செட் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அந்த நேரத்தில் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பூம்புகாரையும் சேர்த்துப் பார்க்க அரை நாள் போதும்.