மறுமுறை பார்க்கையில் மிஞ்சுவது: இடம்பெயர்வு குறித்த ஆவணப்படங்களோடு சில ஆண்டுகள்

அகதிகளையும் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர்களையும் பற்றிய ஆவணப்படங்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவற்றில் நான்கைந்தை ஓராண்டு, ஈராண்டு இடைவெளி விட்டு மறுபடியும் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்த அன்றே எழுதும் விமர்சனத்தில் பெரும்பாலும் அதிர்ச்சிதான் பேசுகிறது. அது அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன். என்னைப் பொறுத்தவரை எந்தப் படம் நிலைத்தது, எது மறந்துபோனது என்பதைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: கேமராவைப் பிடித்திருப்பவர் யார், அந்த இடத்தை விட்டு அவரால் எழுந்து போக முடியுமா?

வாத் அல்-காதிபும் எட்வர்ட் வாட்ஸும் இயக்கி 2019இல் வெளிவந்த ‘ஃபார் சாமா’தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. சிரியாவின் அலெப்போ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, மருத்துவரான கணவர் பணிபுரிந்த மருத்துவமனையிலேயே குடியிருந்தபடி வாத் எடுத்த காட்சிகள், கைக்குழந்தையான மகள் சாமாவுக்குத் தாய் எழுதும் கடிதமாகக் கோக்கப்பட்டுள்ளன. குண்டுவீச்சில் காயம்பட்ட நிறைமாதக் கர்ப்பிணிக்கு அறுவை செய்து குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். அதனிடம் அசைவே இல்லை. முதுகைத் தேய்க்கிறார்கள், தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறார்கள், மறுபடியும் தேய்க்கிறார்கள். இனி அவ்வளவுதான் என்று நாம் நம்பிக்கை இழந்த பிறகு, அது கண் திறந்து வீறிடுகிறது. முதல்முறை பார்த்தபோது அந்தக் காட்சியைத் தவிர வேறெதுவும் என் நினைவில் நிற்கவில்லை. இரண்டாம் முறை மனத்தில் தங்கியதோ, முற்றுகையால் கனிவகைகளே கண்ணில் படாத நாள்களில் வாத்தின் தோழி ஒருவருக்கு அந்தத் தோழியின் கணவர் ஒரே ஒரு பழத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தோழியின் முகத்தில் பூக்கும் மகிழ்ச்சி. செய்தி சேகரிக்க வந்துபோகும் ஒருவருக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றியிருக்காது. அதே தட்டுப்பாட்டில் வாழ்ந்தவருக்கு மட்டுமே அதைப் படம்பிடிக்கத் தோன்றும்.

யோனாஸ் போஹர் ராஸ்முசன் இயக்கிய ‘ஃப்ளீ’ (2021) இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. காபூலிலிருந்து மாஸ்கோ வழியாக டென்மார்க்கிற்குத் தனியாக வந்துசேர்ந்த சிறுவன், நடுவயதை நெருங்கும்போது தன் கதையை இளமைக்கால நண்பரான இயக்குநரிடம் சொல்கிறான். அவன் அடையாளத்தை மறைப்பதற்காகவே படத்தின் பெரும்பகுதி ஓவியமாக வரையப்பட்டிருக்கிறது. ‘ஆமின்’ என்பது புனைபெயர். ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசத் திரைப்படம் என மூன்று ஆஸ்கர் பிரிவுகளிலும் ஒருசேரப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அவன் படுத்துக்கொண்டு கண்களை மூடியபடி பேசுவதும், நண்பர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பதும்தான். குடும்பத்தார் அனைவரும் இறந்துவிட்டதாகச் சொல்லும்படி, எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடும் ஆள்கடத்துபவர்கள் கற்றுக்கொடுத்த பொய்யை, நெருங்கியவர்களிடம்கூட மாற்றிச் சொல்ல முடியாமல் அவன் ஆண்டுக்கணக்கில் சுமந்திருக்கிறான். மறுமுறை பார்த்தபோது கதை எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், அவன் சொல்லவந்து விழுங்கும் இடங்களையெல்லாம் கவனிக்க முடிந்தது. கடலில் தத்தளிக்கும் படகின் அருகே ஒரு சொகுசுக் கப்பல் வந்து நிற்க, அதன் பயணிகள் மேல்தளத்திலிருந்து இவர்களைப் புகைப்படம் எடுக்கிறார்கள். காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி அவனுக்குள் வெட்கமாக மாறுகிறது. பார்வையாளனாகிய நானும் அந்த மேல்தளத்தில்தான் நிற்கிறேனோ என்ற உறுத்தல் இன்றுவரை என்னை விடவில்லை.

‘நோ அதர் லேண்ட்’ (2024) அந்த உறுத்தலை நேராகவே எடுத்துப் பேசுகிறது. இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் மசாஃபர் யத்தாவில் வீடுகள் இடிக்கப்படுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த பாலஸ்தீனரான பாசல் அத்ராவும், இஸ்ரேலியப் பத்திரிகையாளர் யுவால் ஆபிரகாமும், வேறு இருவரும் சேர்ந்து இயக்கிய படம் இது. பாசலும் யுவாலும் ஒரே இடிபாட்டின் முன் நிற்கிறார்கள். மாலையானால் யுவாலால் காரில் ஏறி வீட்டுக்குப் போக முடியும், பாசலால் முடியாது. எழுதியும் பலன் இல்லையே என்று யுவால் சலித்துக்கொள்ளும்போது, பத்து நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவனைப் போலப் பேசுகிறாய், இதற்குப் பொறுமை வேண்டும் என்று பாசல் அமைதியாகச் சொல்கிறார். இந்தப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. அதே மாதத்தில் அதன் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லால் தன் ஊரிலேயே தாக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அதன் பிறகு இந்தப் படத்தை, ‘முடிந்த’ ஒரு படைப்பாக என்னால் பார்க்க முடியவில்லை.

என்னிடம் தங்காத படங்களும் உண்டு. சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் ‘ஹியூமன் ஃப்ளோ’ (2017) 23 நாடுகளில் எடுக்கப்பட்டது; ட்ரோன் காட்சிகள் முகாம்களின் பரப்பை விரித்துக் காட்டுகின்றன. சிக்கலின் அளவு புரிகிறது, ஆனால் இன்று யோசித்துப் பார்த்தால் ஒரு முகம்கூட என் நினைவுக்கு வருவதில்லை. சோகமான இசையைத் தூக்கலாக வைக்கும் படங்களும் மறுமுறை பார்க்கையில் என்னைச் சோர்வடையச் செய்கின்றன.

பார்க்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று படங்கள் பார்த்தேன். ஒருவரின் துயரம் இன்னொருவருடையதோடு கலந்து, இருவருமே மங்கிப்போனார்கள். இப்போது மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் பார்ப்பதில்லை. சந்தா கட்டியிருந்த ஒரு தளத்தில், பாதி பார்த்து வைத்திருந்த படம் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டது. ஆகவே பார்க்க நினைத்ததைத் தள்ளிப்போடுவதில்லை. தமிழ் சப்டைட்டில் எனக்கு எதற்கும் கிடைக்கவில்லை. ஆங்கில வரிகளைத் துரத்தும் கண், பேசுபவரின் முகத்தைத் தவறவிடுகிறது. மறுமுறை பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் உண்டு என்பவருக்கு, ஹசன் ஃபாஸிலியின் ‘மிட்நைட் டிராவலர்’ (2019) படத்தைச் சொல்வேன். தாலிபான் தன் தலைக்கு விலை வைத்ததால் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பிய இயக்குநர், மனைவியோடும் இரண்டு மகள்களோடும் ஐரோப்பாவை நோக்கிச் சென்ற பயணத்தை மூன்று கைப்பேசிகளில் பதிவுசெய்தார். மனைவியும் மகள்களும்கூடப் படம்பிடித்தார்கள். முகாமின் அறையில் மூத்த மகள் பாட்டுக்கு ஆடுகிறாள், அப்பாவும் அம்மாவும் சண்டைபோட்டுச் சிரிக்கிறார்கள். வழியில் ஒருநாள் இளைய மகளைக் காணவில்லை. பதறித் தேடும் அந்த நேரத்திலும், இது படத்தின் மிகச் சிறந்த காட்சியாக அமையும் என்று தன் மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டதையும், அதற்காகத் தன்னையும் சினிமாவையும் வெறுத்ததையும் ஃபாஸிலி தன் குரலிலேயே சொல்கிறார். குழந்தை கிடைத்துவிடுகிறாள். அந்தத் தேடலைக் காட்டும் காட்சி மட்டும் படத்தில் இல்லை.